மின்சாரத்தைக் கடல் தாண்டி விற்க அனுமதி: அந்தத் தாளில் மலையகத்துக்கு ஒரு வரி இருக்குமா?

மவுஸ்ஸாகலைக் கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் மஸ்கெலியாவில் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற வாரம் தரம் 10 மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து, "இந்தியாவுக்கு மின்சாரம் விற்கப் போகிறோம் என்கிறார்கள், சேர். விற்கலாம் என்று யார் சொல்ல வேண்டும்?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது நம் மலைகளுக்கு உரிய கேள்வி என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்திருந்தபோது 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கையெழுத்தான புரிந்துணர்வு உடன்படிக்கைகளில் ஒன்று, இரு நாட்டு மின் வலையமைப்புகளையும் உயர் அழுத்த நேரோட்ட (DC) மின்கம்பியால் இணைத்து மின்சாரத்தை இறக்குமதியும் ஏற்றுமதியும் செய்வது பற்றியது. இது புதிய யோசனை இல்லை. 2010இலேயே சாத்தியக்கூறு ஆய்வுக்கு உடன்பட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து கடலடியாக வந்து அநுராதபுரம் வரை செல்வதுதான் பழைய வரைபடம்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தேன். அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் கூட்டாட்சி மின்சாரச் சட்டத்தில், 202ஆம் பிரிவின் 'இ' உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அங்கிருந்து வெளிநாட்டுக்கு மின்சாரம் அனுப்ப விரும்புபவர் எவரும் முன்கூட்டியே உத்தரவு பெற வேண்டும். இன்று அந்த உத்தரவை வழங்குவது எரிசக்தித் திணைக்களம். விண்ணப்பத்தை மறுக்க இரண்டே காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஏற்றுமதியால் நாட்டுக்குள் மின்சாரம் போதாமல் போகக்கூடாது. நாட்டின் மின் வசதிகள் பொதுநலனுக்காக ஒருங்கிணைந்து இயங்குவதற்கு அது இடையூறாகக்கூடாது. எல்லையைத் தாண்டும் கம்பிக்கு வேறோர் அனுமதி வேண்டும். அது ஜனாதிபதி அனுமதி எனப்படுகிறது. கம்பிக்கு ஒன்று, அதில் ஓடும் மின்சாரத்துக்கு இன்னொன்று என்று இரண்டு கதவுகள்.

முதல் காரணத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "நாட்டுக்குள் போதுமா?" யாருடைய வீட்டுக்குப் போதுமா என்று அளப்பார்கள்? எங்கள் பள்ளிக்குப் பின்னால் உயர் அழுத்தக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் நிழல் விழும் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், எட்டுக் காம்பரா அறைகளுக்கு ஒரே மின்மானி.

பொல்பிட்டியப் பழையவர்

ஆசிரியர் நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறார். முப்பத்தொரு வருடம் மின் நிலையங்களில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அது தெரியாமல் இந்தப் பேச்சு சரியாக நகராது.

காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றும். பிறகு நோர்ட்டன் குளத்துக்கு வந்து பழைய லக்ஷபானவைச் சுழற்றும். அந்தப் பக்கம் மவுஸ்ஸாகலைத் தண்ணீர் கென்யோன் நிலையம் வழியாகப் புதிய லக்ஷபானவுக்கு வரும். இரண்டும் லக்ஷபானவில் சேர்ந்து பொல்பிட்டியவுக்குப் போய், அங்கிருந்து கித்துல்கலைப் பக்கம் புரோட்லண்ட்ஸ் நிலையத்துக்கு இறங்கும். ஒரே தண்ணீர் நான்கு முறை மின்சாரமாகிறது. 1918இல் பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த மலைச்சரிவைப் பார்த்து எழுதி வைத்த கனவு 1950இல்தான் விளக்காக எரிந்தது.

மேலே சேமித்து வைத்த தண்ணீர் நமக்கு வேண்டிய நேரத்தில் மின்சாரமாகும். சூரியனையும் காற்றையும் அப்படி நிறுத்தி வைக்க முடியாது. சுழலிக்குப் போகும் நீர்க்கதவைத் திறந்து சில நிமிடங்களில் முழுச் சக்திக்குக் கொண்டுவரலாம். மலைநாடு இந்த நாட்டுக்குக் கொடுப்பதில் விலை உயர்ந்தது இந்த நேரம்தான். ஏற்றுமதி வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் அதன் மேல்தான் விழும்.

நுவரெலியா மரக்கறிக்கடை

மன்னிக்க வேண்டும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. டீசல் வாங்க டொலர் இல்லை. என் குளிர் அறையில் இருந்த லீக்ஸும் கோவாவும் அழுகியதை நான் மறக்கவில்லை. அன்று இந்தியாவிலிருந்து ஒரு கம்பி வந்திருந்தால் ரூபாய்க் கணக்கிலோ கடன் கணக்கிலோ மின்சாரம் வந்திருக்கும். மிஞ்சுவதை விற்றால் டொலர் வரும். அனுமதி, நிபந்தனை என்று இழுத்தடித்தால் இன்னும் பதினைந்து வருடம் பேசிக்கொண்டே இருப்போம். 2010 என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார்.

மவுஸ்ஸாகலைக் கரை

நீங்கள் பட்ட நட்டம் உண்மை, ஐயா. கம்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறக்குமதிக்கு அது கைகொடுக்கும் என்பதையும் ஏற்கிறேன். மிஞ்சுவது என்றீர்களே, அது எப்போது மிஞ்சுகிறது என்பதுதான் என் கவலை.

கோத்தகிரிப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் மின்சார வணிகம் தொடர்பான வேலையில் இருக்கிறேன். என் தாத்தா பாட்டி பொகவந்தலாவையில் கொழுந்து பறித்தவர்கள். இலங்கை, இந்திய அரசுகளின் 1964 ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு அனுப்பப்பட்டார்கள். அதனால் இந்த இழையைக் கடந்து போக முடியவில்லை.

ஆசிரியர் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரம் ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நண்பகல், ஒரே நேரத்தில் விளக்கேற்றும் நேரம். உங்கள் கூரைகளில் சூரிய மின்சாரம் பொங்கும் நேரத்தில் எங்கள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் பொங்குகிறது. அந்த நேரத்தில் எங்கள் மின்சாரச் சந்தையில் விலை விழுந்து கிடக்கும். சூரியன் மறைந்ததும் தலைகீழாகும். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொடும் மாலைகளும் உண்டு. காற்றும் அப்படியே. மன்னாரில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய் ஓரத்திலும் காற்றாலைகள் வேகமாகச் சுற்றுகின்றன.

ஆகவே உங்களிடம் மிஞ்சும்போது எங்களிடமும் மிஞ்சும். எங்களுக்கு நல்ல விலை கொடுத்து வாங்கத் தேவைப்படுவது மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை. அந்த நேரத்துக்கு உங்களிடம் இருப்பது பழையவர் ஐயா சொன்ன மலைத் தண்ணீர்தான்.

பொல்பிட்டியப் பழையவர்

நான் சொல்ல வந்ததைத் தம்பி முடித்துவிட்டார். நம் நாட்டின் உச்சத் தேவையும் அதே மாலை நேரம்தான். நம் லயன்களில் சோறு பொங்கும் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம்.

தலவாக்கலை மலர்

முதன்முறையாக இங்கே எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் வீட்டை விட்டு எழுந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. புதிய வீடு கிடைத்தது. அதில் மின்சாரம் இருந்தது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். என் அத்தை வேறொரு தோட்டத்தில் லயனில் இருக்கிறார். அவருடைய காம்பராவுக்குத் தனி மின்மானி வைக்க விண்ணப்பித்தோம். காணி அவர் பெயரில் இல்லை என்பதால் தோட்ட நிர்வாகம் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதத்துக்குப் பதினான்கு மாதங்கள் அலைந்தோம். துரை மாறினார். புதிய துரை பழைய கோப்பைக் காணவில்லை என்றார். கணக்கப்பிள்ளை நாளை வா, நாளை வா என்றார். அந்தப் பதினான்கு மாதமும் பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த ஒரு வயரில் ஒரு குமிழ் எரிந்தது. மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும்.

கடல் தாண்டி அனுப்ப அனுமதி பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் அத்தைக்கு அணைக்கட்டிலிருந்து சுவர் வரை மின்சாரம் வர இத்தனை அனுமதி தேவைப்பட்டது. இரண்டு அனுமதிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லி யாரிடம் கேட்பது?

மவுஸ்ஸாகலைக் கரை

மலர், தவறு எதுவும் இல்லை, அம்மா. நான் எட்டுக் காம்பராக்கள் என்று ஒரு வரியில் கடந்துவிட்டதை நீங்கள் முழுதாக எழுதிவிட்டீர்கள்.

பண்டாரவளைக் கிணறு

எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உமா ஓயா நீர்மின் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டும்போது 2014 டிசம்பரில் உள்ளே தண்ணீர் பீறிட்டது. அதன் பிறகு இந்தப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி வந்து நிலையத்தைத் திறந்து வைத்தார். 120 மெகாவாட். தண்ணீர் தெற்கே வயல்களுக்குப் போகிறது, அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால் பாத்திரம் எடுத்துக்கொண்டு தண்ணீர் பவுசருக்குப் பின்னால் ஓடியவர்கள் நாங்கள். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு இனி நாட்டுக்கு வெளியே விலைபோனால் அதில் எங்கள் பெயர் எங்கே வரும்?

கோத்தகிரிப் பேரன்

பண்டாரவளை நண்பருக்கு. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. இமாசலம் போன்ற மலை மாநிலங்களில் நீர்மின் நிலையம் அமைந்தால் உற்பத்தியில் 12 சதவீதம் அந்த மாநிலத்துக்கு இலவசம். 2008ஆம் ஆண்டு நீர்மின் கொள்கை அதற்கு மேல் 1 சதவீதத்தை உள்ளூர் வளர்ச்சி நிதிக்கு ஒதுக்கியது. திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து ஆண்டுகள் மாதம் 100 யூனிட் என்பதும் அதில் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு வழக்கு. எழுதி வைத்திருப்பதால் கேட்க முடிகிறது.

இந்தியப் பக்க அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லை தாண்டிய மின்சாரத்துக்கு மத்திய அரசு 2016இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை கடுமையாக இருந்ததாக நேபாளமும் பூட்டானும் வருந்தியதால் 2018 டிசம்பரில் மாற்றியது. ஒப்புதல் வழங்கும் அமைப்பு மத்திய மின்சார ஆணையம். நீங்கள் விற்றால் அது எங்களுக்கு இறக்குமதி. ஆகவே கொழும்பில் ஒரு அனுமதி, டில்லியில் ஒரு அனுமதி என இரண்டு வேண்டும்.

நேபாளத்தின் அனுபவத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் அவர்கள் எங்கள் சந்தையில் விற்கத் தொடங்கியபோது கிடைத்தது வெறும் 39 மெகாவாட்டுக்கு ஒப்புதல். திரிசூலி நிலையத்துக்கு 24, தேவிகாட் நிலையத்துக்கு 15. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும், அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். சீன முதலீடோ சீன ஒப்பந்தகாரரோ உள்ள நிலையங்களின் மின்சாரம் ஏற்கப்படுவதில்லை. வங்காளதேசத்துக்கு எங்கள் கம்பி வழியாக 40 மெகாவாட் அனுப்ப 2024 அக்டோபரில்தான் முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது.

டிக்கோயாச் சிற்றாறு

நிலையம் நிலையமாகப் பார்ப்பார்கள் என்றால் நம் மலைகளில் சிக்கல்தான். விக்டோரியா பிரித்தானிய உதவி. கொத்மலை சுவீடன். ரந்தெனிகலை ஜெர்மனி. மேல் கொத்மலை ஜப்பான் கடன். புரோட்லண்ட்ஸ் சீன ஒப்பந்தகாரர். உமா ஓயா ஈரான் ஒப்பந்தகாரர். ஒரே ஆற்றில் மேலே உள்ள நிலையத்துக்கு ஒப்புதலும் கீழே உள்ள நிலையத்துக்கு மறுப்பும் வரலாம். தண்ணீர் ஒன்றுதான்.

ஹப்புத்தளை மாணவி

நான் சட்டம் படிக்கிறேன். ஆசிரியர் சேரின் மாணவி கேட்ட கேள்விக்கு நம் சட்டத்தின் பக்கமிருந்து சொல்கிறேன். 2009ஆம் ஆண்டு 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டத்தின்படி, உரிமமோ விலக்களிப்போ இல்லாமல் எவரும் மின்சாரம் பிறப்பிக்கவோ கடத்தவோ பகிர்ந்தளிக்கவோ முடியாதிருந்தது. அந்த உரிமத்தை வழங்கியது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2024ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைப் பிரித்து மறுசீரமைக்க வந்தது. 2025இல் அதற்கும் திருத்தம் வந்துவிட்டது. நிறுவனங்களின் வடிவம் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. ஏற்றுமதிக்கு என்ன சோதனை வைப்பது என்று கேட்க வேண்டியதும் இப்போதுதான். கம்பி போட்டு, முப்பது வருட ஒப்பந்தம் எழுதிய பிறகு நிபந்தனை கேட்டால் நீதிமன்றத்தில் நட்டஈட்டுக் கணக்கு பேசுவார்கள்.

சேர், நீங்கள் சொன்ன அமெரிக்க வழக்கத்தில் இன்னொன்றும் முக்கியம். விண்ணப்பம் வந்தால் அறிவித்தல் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்துக்கும் எதிர்ப்புக்கும் கால அவகாசம் தருகிறார்கள். நம் ஆணைக்குழுவும் மின் கட்டணத்தை மாற்றும்போது மக்கள் கருத்தைக் கேட்கிறது. அதே முறையை ஏற்றுமதி அனுமதிக்கும் கேட்கலாம்.

நுவரெலியா மரக்கறிக்கடை

நிபந்தனைகளைச் சுமத்திக்கொண்டே போனால் எந்த முதலீட்டாளர் வருவார்? மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியதைப் பார்த்தோம். மலையகத்தின் பங்கு, கிணற்றின் பங்கு, லயனின் பங்கு என்று பிரித்தால் கடைசியில் விற்க என்ன மிஞ்சும்?

தலவாக்கலை மலர்

ஐயா, உங்கள் லீக்ஸுக்கு நட்டம் வந்தபோது அதை நட்டம் என்று சொன்னீர்கள். எங்கள் வீடு போனதை மட்டும் ஏன் நிபந்தனை என்கிறீர்கள்?

இன்னொன்று. சென்கிளேயர் நீர்வீழ்ச்சி அழிந்துவிடும் என்று ஊர் முழுவதும் குரல் எழுந்தபோது, பகல் வேளையில் நீர்வீழ்ச்சிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று மேல் கொத்மலைத் திட்டத்துக்கு நிபந்தனை எழுதினார்கள். நிலையம் நின்றுவிடவில்லை. 2012 முதல் 150 மெகாவாட் ஓடுகிறது. அருவிக்கு ஒரு வரி எழுத முடிந்தது என்றால் மனிதருக்கும் எழுத முடியும்.

நுவரெலியா மரக்கறிக்கடை

இந்த வாதத்தை ஏற்கிறேன், மகள். சென்கிளேயர் விவகாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் அன்று கையெழுத்துப் போட்டவன்.

பொல்பிட்டியப் பழையவர்

அப்படியானால் என்ன எழுத வேண்டும் என்று பேசுவோம். என் அனுபவத்தில் மெகாவாட் கணக்கில் நிபந்தனை வைத்தால் ஏமாற்றலாம். நீர்மட்டத்தில் வைத்தால் ஏமாற்றுவது கடினம். காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் மாலை நேர ஏற்றுமதி தானாக நிற்க வேண்டும். மகாவலிப் பக்கம் வயலுக்கு விட வேண்டிய தண்ணீர்க் கணக்கு இருப்பதால் அங்கே ஏற்கெனவே ஒரு கடிவாளம் உண்டு. லக்ஷபானத் தொகுதியில் அப்படிப்பட்ட வயல் இல்லை. அதனால் வருவாய்க்கு ஆசைப்படுபவர்களின் கை முதலில் இங்கேதான் நீளும். கீழே களனியில் கொழும்பின் குடிநீரும் இதே தண்ணீரை நம்பியிருக்கிறது.

இயந்திரத்தின் பக்கமும் ஒன்று. நம் வலையமைப்பில் ஆகப் பெரிய ஓர் இயந்திரம் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 300 மெகாவாட். கடல் கம்பிக்குப் பேசப்பட்ட அளவு 500, 1000 என்று இருக்கிறது. 500 மெகாவாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போது கம்பி திடீரென அறுந்தால் மீடிறன், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு, மேலே பாயும். வாங்கிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் கீழே விழும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் இருண்டதே, அன்று சூரிய மின்சாரம் மிகுந்து, தேவை குறைந்து, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனமான சுழல் இயந்திரங்கள் குறைவாக இருந்தன. பாணந்துறையில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாட்டையே சாய்த்தது. அப்படி விழுந்தால் முதலில் எழுப்புவது நீர்மின் நிலையங்களைத்தான். அதற்கும் மேலே தண்ணீர் வேண்டும். ஏற்றுமதிக்கு எத்தனை ஆசை இருந்தாலும் அந்தக் கடைசித் தண்ணீரைத் தொடக்கூடாது.

டிக்கோயாச் சிற்றாறு

பகலில் வீணாகும் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கும் நிலையம் ஒன்று அரநாயக்கப் பகுதியில் திட்டமிடப்பட்டிருக்கிறது. மஹா ஓயா, 600 மெகாவாட். அது வந்தால் மாலையில் விற்பதற்கு உண்மையாகவே ஒன்று மிஞ்சும். அதுவரை விற்பது நம் உண்டியலை உடைத்து விற்பதற்குச் சமம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தை அணைத்து வைக்கும்படி கேட்டார்களே, அந்த மின்சாரத்துக்கு அன்று மேலே ஏற வழி இருந்திருக்க வேண்டும்.

மவுஸ்ஸாகலைக் கரை

நேற்று மாலை அந்த மாணவியையும் இன்னும் நான்கு பேரையும் நீர்த்தேக்கக் கரைக்கு அழைத்துப் போனேன். அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரம் இதற்குள்தான் இருக்கிறது. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். என் அம்மாவுக்கு மின்வெட்டு அறிவித்தல் தேவையே இல்லை. கோயில் தெரிகிறது என்று யாராவது வந்து சொன்னால் மண்ணெண்ணெய் வாங்கி வைத்துவிடுவார்.

பழையவர் ஐயா சொன்ன நீர்மட்ட நிபந்தனையைப் பிள்ளைகளுக்கு விளக்கினேன். "அப்படியென்றால் கோயில் தெரிந்தால் விற்கக்கூடாது என்று எழுதுங்கள், சேர்" என்றாள் அவள். அதை அப்படியே பொறியியல் மொழியில் மீற்றர் கணக்காக மாற்றித் தரும்படி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹப்புத்தளை மாணவி ஒரு வரைவை எழுத முடியுமா? என் மனதில் இருப்பது இவ்வளவுதான். போதுமா என்று அளக்கும்போது மலை மாவட்டங்களைத் தனியாக அளக்க வேண்டும், அதில் சொந்த மின்மானி இல்லாத காம்பராக்களின் எண்ணிக்கையும் வர வேண்டும். இரண்டு நீர்த்தேக்கங்களுக்கும் மட்டம் குறிக்க வேண்டும். ஏற்றுமதி வருவாயில் ஒரு பங்கு நீரேந்து பிரதேசத்து மக்களின் மின் இணைப்புக்கு முதலில் போக வேண்டும். மின்மானிக்குத் தோட்டக் கடிதம் கேட்கும் வழக்கம் அதற்கு முன்பே ஒழிய வேண்டும். விசாரணை தமிழிலும் நடக்க வேண்டும், கொழும்பில் மட்டும் நடந்தால் போதாது, நுவரெலியாவிலும் பதுளையிலும் நடக்க வேண்டும்.

ஹப்புத்தளை மாணவி

எழுதுகிறேன், சேர். பரீட்சை வெள்ளிக்கிழமை முடிகிறது. தமிழ், சிங்களம் இரண்டிலும் தருகிறேன். மலர் அக்கா, உங்கள் அத்தையின் விண்ணப்பத் திகதிகளும் கடிதத்தின் பிரதியும் இருந்தால் இணைப்பாக வைக்கலாம். பெயரை மறைத்துவிடுகிறேன்.

தலவாக்கலை மலர்

இருக்கிறது, தங்கை. ஒவ்வொரு முறை போனதையும் அத்தை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். மொத்தம் இருபத்தாறு வட்டங்கள். ஞாயிறு தோட்ட வேலைக்கான பெரட்டு இல்லை, அவரையும் அழைத்துக்கொண்டு ஹட்டனுக்கு வருகிறேன். பழையவர் ஐயா வர முடியுமா?

பொல்பிட்டியப் பழையவர்

வருகிறேன், அம்மா. நீர்மட்ட அட்டவணையைக் கையால் எழுதி எடுத்து வருகிறேன். கணினியில் ஏற்ற யாராவது உதவ வேண்டும்.